எடை பார்க்கப்படாத மூட்டை

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு 2012இல்தான் நுழைந்தது. இணையப் பக்கம் ஒன்றின் உரிமையாளர், நிர்வாகி என்று உங்கள் பெயர் தெரிந்தால், அங்கே வந்ததை வெளியிட்டவரும் நீங்களே என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; இல்லையென்று நிரூபிப்பது உங்கள் பாடு. முகம் காட்டாமல் எழுதுகிறவனைப் பிடிக்கத்தான் இந்தப் பிரிவு என்றார்கள். பெயரை மறைக்காமல் தொழில் செய்கிறவர் தலையில் அது எப்படி விடிகிறது என்பதை சட்ட ஆலோசனைக்கு என்னிடம் வந்த யோங் பெங் உரக்கடைக்காரர் ஒருவரின் விவகாரத்தில் பார்த்தேன்.

செம்பனை போட்டிருக்கும் சிறுதோட்டக்காரர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். கடையின் முகநூல் பக்கத்தில் வாராவாரம் விலைப்பட்டியல் போடுவார். கீழே யாரும் கருத்து எழுதலாம். ஓர் இரவு யாரோ புனைபெயரில் வந்து, இன்னொரு கடையின் பெயரைச் சொல்லி, அங்கே வாங்கிய ஐம்பது கிலோ மூட்டையில் மூன்று கிலோ குறைகிறது என்று எழுதிவிட்டார். இவர் கவனிக்கவில்லை. அந்தக் கடையின் வழக்கறிஞர் கவனித்தார்: பதிவை நீக்கு, மன்னிப்புக் கேள், இழப்பீடு கொடு.

"நான் எழுதலையே சார்! எழுதினவன் யாருன்னுகூடத் தெரியாது" என்றார்.

அவருக்கு மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளத்தின் வழக்கைச் சொல்ல வேண்டியிருந்தது. 2020 ஜூன் 9 அன்று அதில் வந்த செய்தி ஒன்றின் கீழே ஐந்து வாசகர்கள் நீதித்துறையைச் சாடியிருந்தார்கள். போலீஸ் தகவல் சொன்ன 12 நிமிடங்களில் அவை நீக்கப்பட்டன. அப்படியும் சட்டத்துறைத் தலைவர் நீதிமன்ற அவமதிப்பு வழக்குத் தொடுத்தார். 2021 பிப்ரவரி 19 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் நிறுவனமே பொறுப்பு என்று முடிவுசெய்து 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். நீதிபதி நளினி பத்மநாதன் ஒருவர்தான், அந்தக் கருத்துகள் அங்கே இருந்தது நிறுவனத்துக்குத் தெரியும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று மாறுபட்டு எழுதினார். அபராதத் தொகையைச் சில மணி நேரத்தில் பொதுமக்கள் திரட்டிக் கொடுத்தார்கள். உரக்கடைக்காரருக்கு யார் திரட்டித் தருவார்கள்? அது அவமதிப்பு, இது அவதூறு. ஆனால் வெளியிட்டவர் யார் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

அவதூறு வழக்கில் சொன்னது உண்மையென்று காட்டினால் தப்பிக்கலாம். ஆனால் அந்த மூட்டையை வாங்கியவரும் எடைபோட்டவரும் அந்தப் பெயர் தெரியாத ஆள்தான். அவரைத் தேடிப் பிடித்துக் கூண்டில் ஏற்ற ஆகும் செலவு கடையின் லாபத்தை விழுங்கிவிடும். மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். இழப்பீட்டுக் கோரிக்கை கைவிடப்பட்டது. இன்று வந்தாலும் அதே ஆலோசனைதான் சொல்வேன். மனம் மட்டும் ஒப்பவில்லை. எடைக் குறைவைப் பிடிக்க 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். இருந்தும் அந்த மூட்டை தராசுப் பக்கமே போகவில்லை. யார் வெளியிட்டது என்ற கேள்வியே எல்லாவற்றையும் முடித்துவிட்டது. அந்தக் கடை ஏமாற்றியிருந்தால் அது வெளியே வரவில்லை; நேர்மையான கடையென்றால் அதன் பெயர்மேல் விழுந்த சந்தேகமும் தீரவில்லை.

உரக்கடைக்காரர் கருத்துப் பகுதியை மூடிவிட்டார். எந்த உரத்தில் கலப்படம், எந்த ஆலை எடையில் கைவைக்கிறது என்றெல்லாம் தோட்டக்காரர்கள் அங்கே பேசிக்கொண்டது அத்தோடு நின்றது.

பொய்ப் பதிவு ஒன்றால் கடையையே இழுத்து மூடிய சிறு வியாபாரிக்காகவும் நான் வாதாடியிருக்கிறேன். இந்தப் பிரிவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தகவல் கிடைத்த பிறகும் நீக்காமல் வைத்திருப்பவர்மேல்தான் சுமை ஏற வேண்டும் என்று அதைத் திருத்தினால் போதும். உரக்கடைக்காரர் அந்த வழக்கறிஞரின் கடிதம் கைக்கு வந்த அன்றே அந்தக் கருத்தை நீக்கியிருந்தார்.