மங்கிய நிறத்துக்கு ஏற்ற நிறம்

பிழைப்புக்காகத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நம்மில் அநேகருடைய வீட்டு வாசலில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் குடும்பத்தைச் சுமந்து செல்வது அதுவே. என்னிடம் இருப்பது 1994-ஆம் ஆண்டின் யமஹா ஆர்எக்ஸ் 100. அதன் சிவப்பு டேங்கில் நகக்கண் அளவு பெயிண்ட் பெயர்ந்தாலும் நான் அசட்டை செய்வதில்லை. உப்புக்காற்று வீசி, வருஷத்தில் இரண்டு மழைக்காலங்களும் பெய்யும் இவ்வூரில், வெளியே தெரிந்த இரும்புத் தகடு விரைவில் துருப்பிடிக்கும். அத்துரு பெயிண்டுக்கு அடியில் பரவி, நாளடைவில் தகட்டையே துளைத்துவிடும்.

கம்பெனி நிறத்தை வாங்கிப் பூசினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். உங்கள் வாகனத்தின் சீட்டைக் கழற்றிப் பாருங்கள். வெயில் படாத இடத்தில் ஒரு நிறமும், வெயில் பட்ட இடத்தில் வேறொரு நிறமும் இருக்கும். நாம் பொருத்த வேண்டியது வாகனம் பிறந்தபோதிருந்த நிறத்தை அல்ல, இன்று அதற்குள்ள நிறத்தையே. ஆகையால் முதலாவது, பழுதைச் சுற்றியுள்ள பகுதியை ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்து, மேலே படிந்த வெளுப்பை நீக்குங்கள். அதன் பின்பே நிறம் கலக்க வேண்டும்.

மங்கிய நிறத்தை எட்டுவதற்குத் தீக்குச்சி நுனியில் எடுத்த வெள்ளை பெரும்பாலும் போதும். மிஞ்சினால் சிவப்பு ரோஜா நிறமாகிவிடும். அந்த வெள்ளைக்கு நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. நமது மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்தை அடுத்த சவறையிலும் கிடைக்கும் கடற்கரைக் கருமணலிலுள்ள இல்மனைட்டிலிருந்து அதைச் செய்யலாம். இந்நகரின் கொச்சுவேளியில் அதைத் தயாரிக்கும் திருவிதாங்கூர் டைட்டானியம் ஆலை 1946-இல் நிறுவப்பட்டது. கறுப்பு மணலிலிருந்து வெண்மை பிறப்பது எவ்வளவு ஆச்சரியம்!

கலந்த நிறத்தை ஒரு தகரத் துண்டில் பூசி, முற்றும் உலர்ந்தபின் டேங்கின் அருகே பிடித்துப் பாருங்கள். ஈரமாயிருக்கையில் ஒத்துப்போகும் நிறம் உலர்ந்ததும் மாறும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாய்த் தோன்றுகிறவை பகலில் வேறுபடும். எனவே பகல் வெளிச்சத்தின் நிழலில் வைத்தே தீர்மானியுங்கள்.

மறைவான ஓரிடத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்தும் பாருங்கள். பழைய பெயிண்ட் கரைந்து வந்தாலோ சுருங்கினாலோ, அதன்மேல் என்.சி. பெயிண்டை நேரே அடிக்கலாகாது. அடிப்பெயிண்ட் சுருங்கி மேலெழும்பும். பின்பு துருவைப் பளபளக்கும் உலோகம் தெரியுமட்டும் சுரண்டி, அன்றே பிரைமர் பூசுங்கள். பள்ளமிருந்தால் பட்டி வைத்து, வாட்டர் பேப்பரால் சமமாக்குங்கள். நிறத்தை ஒரே கனமாய் அல்ல, மெல்லிய பல பூச்சுகளாய் அடியுங்கள். மழை நாளில் வேண்டாம். காற்றின் ஈரம் என்.சி. பெயிண்டில் படிந்து வெண்புகைபோல் மங்கலை உண்டாக்கும். தை, மாசி மாதங்களின் வறண்ட முற்பகலே ஏற்றது.

பிரியமானவர்களே, ஒன்றை மட்டும் மறவாதிருங்கள். நம்மில் பலர் இருப்பது ஒற்றை அறை வாடகை வீடு. அடுப்பும் பிள்ளைகளும் அங்கேயே. தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றும். வெறுமையான டேங்கிலும் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கும். அதை அனலிலோ தீப்பொறியிலோ காட்டாதிருங்கள். ஹார்டனர் கலக்கும் டூ-கே பெயிண்டில் ஐசோசயனேட் உண்டு. அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். முகத்தில் கட்டிய துணி அதைத் தடுக்காது. அவ்வேலையைத் தகுந்த அறையுள்ள பட்டறைக்கே விட்டுவிடுங்கள். வீட்டில் செய்வதையும் திறந்த வெளியில், பிள்ளைகளைத் தூர நிறுத்திச் செய்யுங்கள்.

இவ்வளவு செய்தும் அந்த இடம் உற்றுப் பார்ப்பவருக்குச் சற்றே தெரியலாம். அதனால் கவலை வேண்டாம். துரு நின்றதா என்பதே கேள்வி. நின்றிருந்தால், அந்த வாகனம் இன்னும் பல வருஷம் உங்கள் குடும்பத்தைச் சுமக்கும்.