பௌபஜாரிலிருந்து மோகன்பூர் வரை

சென்ற சித்திரை மாதத்தில் நானும் என் மகளும் ஜாம்ஷெட்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு ஐந்து நாள் யாத்திரை ஒன்று மேற்கொண்டோம். காளி கோயிலுக்கோ தட்சிணேசுவரத்துக்கோ செல்லும் யாத்திரையன்று. கலாசாலை தேடும் யாத்திரை. (ஊரின் பெயர் 2001-ஆம் ஆண்டிலேயே கொல்கத்தா ஆகிவிட்டது, என் நாவுதான் இன்னும் பழகவில்லை.) பள்ளி இறுதித் தேர்வு முடிந்து, நுழைவுத் தேர்வுகளுக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்தன.

மகள் பௌதிகம் படிக்க விரும்பினாள். அவள் அதைப் பிஸிக்ஸ் என்பாள். தமிழ் வகுப்பில் இயற்பியல் என்று கற்றாள். நான் என் தந்தையாரின் வழக்கப்படி பௌதிகம் என்றே சொல்கிறேன். பெயரில் இருந்த வேற்றுமை பெரிதன்று. அதைப் படிக்கலாமா என்பதில்தான் வீட்டில் மூன்று கட்சிகள் இருந்தன. பொறியியல் படித்தால் நான்காம் ஆண்டிலேயே வேலை கிடைக்கும் என்பது அண்டை வீட்டார் கட்சி. ஸ்ரீரங்கத்திலிருக்கும் என் தாயாரோ, “சர். சி. வி. ராமன் பிறந்த திருவானைக்காவல் இதோ கூப்பிடு தூரம். இங்கே இல்லாத படிப்பா அங்கே இருக்கிறது?” என்று தொலைபேசியில் கேட்டார்கள். மூன்றாவது கட்சி என்னுடையது. அதற்குப் பெயர் அச்சம். ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் கழித்தவன் நான். எதிலும் வரவு இன்னது, செலவு இன்னது என்று தெரியாமல் கையொப்பமிட்டுப் பழக்கமில்லை.

விடியற்காலை ரயில் கரக்பூரில் நின்றது. ஹிஜ்லி தடுப்புச் சிறை இருந்த இடத்தில் 1951-இல் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தோன்றியது இவ்வூரில்தான். ஒரு கணம் அண்டை வீட்டார் கட்சிக்கு மாறிவிடலாமா என்று என் மனம் அலைந்தது. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அங்கேயும் பிஸிக்ஸ் பட்டம் உண்டு, அப்பா. அதற்கும் அந்தப் பெரிய நுழைவுத் தேர்வைத்தான் தாண்ட வேண்டும்” என்றாள். ரயில் கோலாகாட்டில் ரூபநாராயண நதியைக் கடந்தபோது அவள் உறங்கிவிட்டாள். நான் உறங்கவில்லை.

லேக் மார்க்கெட் அருகில் என் பெரியப்பா மகள் வீட்டில் தங்கினோம். வாழைப்பூவும் வெற்றிலையும் இட்லி மாவும் கிடைக்கும் அந்தக் கடைத்தெருவைப் பற்றி இவ்விதழ் நேயர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை.

முதல் நாளே பௌபஜாருக்குப் போகவேண்டும் என்றது என் பிடிவாதம். 1907-இல் பதினெட்டு வயது இளைஞராக, அரசாங்க நிதித்துறையில் துணைக் கணக்காயராகக் கல்கத்தா வந்தார் ராமன். பௌபஜார் வீதி 210-ஆம் எண்ணில் ‘இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம்’ என்ற பெயர்ப்பலகையைக் கண்டு கதவைத் தட்டினார். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய அச்சங்கத்தில் அப்போது ஆராய்ச்சி செய்வார் அநேகமாக இல்லை. கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தே என்ற ஊழியர். பின்னர் பல ஆண்டுகள் ராமனுக்கு வலக்கையாக இருந்தவர். விடியற்காலையில் சோதனைச்சாலை, பகலெல்லாம் அலுவலகம், மாலையில் மீண்டும் சோதனைச்சாலை என்று பல ஆண்டுகள் உழைத்து, 1917-இல் அரசாங்கப் பதவியைத் துறந்து, அதைவிடக் குறைந்த ஊதியத்தில் கல்கத்தா சர்வகலாசாலையின் பாலித் பேராசிரியரானார் அவர். 1928 பிப்ரவரி 28-ஆம் நாள், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையுடன், ஒளிச்சிதறலில் புதிய விளைவு ஒன்றைக் கண்டது அந்தக் கட்டடத்தில்தான். பயன்பட்ட கருவிகளின் விலை சில நூறு ரூபாய்க்கு மேலிராது. 1930-இல் நோபல் பரிசு வந்தது.

வீதியின் பெயர் இப்போது விபின் பிஹாரி கங்குலி வீதி. 210-ஆம் எண்ணைத் தேடிப் பிடித்தோம். அங்கே நிற்பது ஒரு வணிகவியல் கலாசாலை! சங்கம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே யாதவபுரத்துக்குப் பெயர்ந்துவிட்டது. கணக்கு அலுவலகத்தை விட்டு விஞ்ஞானத்துக்கு வந்தவர் ராமன். அவருடைய இடத்திலோ இன்று கணக்கியல் கற்பிக்கிறார்கள். “அப்பா, இது உங்களுக்கு ஏற்ற கலாசாலை” என்று மகள் நகைத்தாள். நானும் நகைத்தேன். ஆனால் புகழ்பெற்ற முகவரி வேறு, இன்று அங்கே நடக்கும் வேலை வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கண்டது அதைவிடக் கசப்பானது. வடகல்கத்தாவில் ஒரு கலாசாலை, பெயர் வேண்டாம். வழவழப்பான சலவைக்கல் படிகள், நிறுவியவர்களின் எண்ணெய் ஓவியங்கள். பௌதிகச் சோதனைச்சாலையைப் பார்க்கலாமா என்று கேட்டதும் அலுவலர் வியந்தார். கட்டணத்தைக் கேட்கும் தந்தையரே அவருக்குப் பழக்கம். நிறமாலைமானிகள் துணியுறைக்குள் இருந்தன. உறைமேல் மகள் விரலால் ஒரு கோடு இழுத்தாள். கோடு தெளிவாக விழுந்தது. இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் தாழ்ந்த குரலில், “அளவெடுக்க நேரம் கொடுப்பதில்லை. சென்ற ஆண்டு நோட்டைப் பார்த்து எழுதிவிடுவோம்” என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிழையான கணக்கேட்டை நகலெடுத்துத் தரும் இளம் எழுத்தர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். குற்றம் அவர்களுடையதாக இருப்பது அபூர்வம்.

கல்லூரி வீதியில் பழம்புத்தகக் கடைகளுக்கு நடுவே உள்ள பிரசிடென்சி, 1817-இல் இந்து கலாசாலையாகத் தோன்றி, 2010 முதல் சர்வகலாசாலையாக விளங்குவது. ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் கற்பிக்க, சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாஹாவும் ஒரே வகுப்பில் கற்ற இடம். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. மகள் நீண்ட நேரம் அந்தப் படிகளில் அமர்ந்திருந்தாள். அது அவள் பட்டியலில் இரண்டாமிடம் பெற்றது. யாதவபுரத்துச் சங்கம் 2018-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, இளநிலை மாணவர்களையும் சேர்க்கிறது; அதற்கு மூன்றாமிடம்.

நான்காம் நாள் சியால்தாவிலிருந்து உள்ளூர் ரயிலில் கல்யாணிக்குச் சென்று, அங்கிருந்து மோகன்பூரை அடைந்தோம். கல்கத்தாவுக்கு வடக்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், நதியா மாவட்டம். வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல்களுக்கு அருகே, 2006-இல் நிறுவப்பட்ட ஐசர் என்னும் விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம். எண்ணெய் ஓவியம் ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. ஐந்தாண்டுப் படிப்பு. தொடக்கத்தில் பௌதிகம், ரசாயனம், கணிதம், உயிரியல் நான்கையும் எல்லாரும் கற்றாக வேண்டும்; பிறகே ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இறுதி ஆண்டில் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி. பதினேழு வயதில் செய்த தீர்மானம் தவறினாலும் திருத்திக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள் என்பது என் கணக்குப் புத்திக்கு மிகவும் பிடித்தது.

மரத்தடியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த மாணவிகளிடம் மகள் ஒரு மணி நேரம் பேசினாள். நான் கேட்கச் சொன்ன கேள்விகள் மூன்று: சோதனைச்சாலையில் ஒரு கருவிக்கு எத்தனை பேர்? கோடை விடுமுறையில் ஆசிரியருடன் ஆராய்ச்சி செய்ய இடம் உண்டா? முடித்துச் சென்றவர்கள் இப்போது எங்கே? அவள் கேட்ட நான்காவது கேள்வியை எனக்குச் சொல்லவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் நம் போன்றவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தமிழகத்தில் மாநில ஒதுக்கீட்டுக்குப் போனால், வெளியூரில் படித்த பிள்ளைக்குப் பூர்வீகச் சான்று வேண்டும் என்பார்கள். என்.ஐ.டி.களில் பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தாய் என்பதைப் பார்த்துப் பாதி இடங்களை ஒதுக்குவார்கள். இங்கே மட்டும் யாரும் எங்களிடம் நீ எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஏழு ஐசர்களுக்கும் ஒரே தேர்வு. மூன்று மணி நேரம், 60 வினாக்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் 15. பள்ளியில் உயிரியல் எடுக்காத பிள்ளைகளுக்கு அந்தப் பதினைந்து வினாக்கள்தாம் முள். என் மகளும் அப்படிப்பட்டவளே. திரும்பும் ரயிலிலேயே ஓர் உயிரியல் புத்தகத்தை விரித்தாள்.

மூன்றாண்டுப் பட்டம் தாழ்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். நல்ல ஆசிரியர் உள்ள சிற்றூர்க் கலாசாலையில் பி.எஸ்ஸி. முடித்து, ஜாம் என்னும் தேர்வின் வழியாக ஐ.ஐ.டி.களுக்கும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கும் செல்வோர் ஆண்டுதோறும் பலர். வீட்டிலிருந்தே படிக்கவேண்டிய குடும்பங்களுக்கு அதுவே தக்க வழி. துணியுறையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஆனி முடிவதற்குள் தேர்வு முடிவு வந்தது. மோகன்பூரில் இடம் கிடைத்தது. ஸ்ரீரங்கத்துக்குச் செய்தி சொன்னேன். தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ராமனும் அந்தப் பக்கம் போனவர்தானே” என்றார்கள்.

மகள் சென்ற மூன்றாம் வாரம், சனிக்கிழமை ஊருக்கு வருவதாக இருந்தது. வெள்ளி இரவு அழைத்தாள். ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் அவளுக்கு 9.5 என்று வந்ததாம், 9.8-க்கு அருகில் வரவேண்டியது. ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கவில்லையாம். பிழை எங்கே நுழைந்தது என்று கண்டுபிடித்து வா என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். “நாளை சோதனைச்சாலை திறந்திருக்கும், அப்பா. நான் அடுத்த வாரம் வருகிறேன்” என்றாள். அவளுக்காக வாங்கி வைத்திருந்த முருங்கைக்காயை ஞாயிறன்று நாங்கள் இருவருமே சாப்பிட்டோம்.