புதன்கிழமை பொங்கல்

எங்க ஊருக்குக் காலையில ஏழே முக்காலுக்குக் கம்பெனி வேன் வந்துரும். ஆரன் சத்தம் கேட்டா மருமகள் பாதி டீயை அப்படியே வெச்சுட்டு ஓடும். பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. பையன் அதுக்கும் முன்னாலயே கட்டிங்குக்குப் போயிருவான். பேரனுக்குத் தலை சீவி, பையை மாட்டிப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடறது என் வேலைங்க. ரெண்டாவது படிக்கிறான்.

அவனோட அக்கா ரெண்டாவது படிக்கறப்போ காலைச் சாப்பாடுங்கறது ஒரு டம்ளர் டீ, ரெண்டு வர்க்கி. டவுன்ல இருந்து படிக்கற நீங்க சில பேரு, "கிராமத்துல பழைய சோறு, கம்மங்கூழ்னு நல்லாச் சாப்பிடுவீங்க"ன்னு எழுதறீங்க. சாப்பிட்டோம், வீட்டுல ஆளு இருந்த காலத்துல. இப்ப ஒன்பது மணிக்கு மேல எங்க வீதியில நடந்து பாருங்க, வயசானவங்களும் நாயுந்தான் இருக்கும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில ஆரம்பிச்சாங்க. 2023 ஆகஸ்ட் 25-ல இருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு. உப்புமா, கிச்சடின்னு நாளுக்கு ஒண்ணு. புதன்கிழமை பொங்கல். அன்னிக்கு மட்டும் இவனை எழுப்ப வேண்டியதில்லை.

பள்ளிக்கூடத்துச் சோறு எனக்குப் புதுசில்லைங்க. நான் படிச்சப்ப காமராசர் 1956-ல கொண்டுவந்த மதிய உணவுதான். கோதுமைச் சோறு போடுவாங்க. ஆனா எங்க அப்பத்தா விடாது. "கண்டவங்க கை பட்டதைத் திங்காதே"ன்னு தூக்குப்போசியில களியைக் கட்டிக் குடுத்துரும். நான் அந்தக் களியை ஒரு பையனுக்குக் குடுத்துட்டு அவன் தட்டுல கோதுமைச் சோத்தைத் திம்பேன். சாகற வரைக்கும் அப்பத்தாவுக்குத் தெரியாது. எம்.ஜி.ஆர். சத்துணவு 1982 ஜூலையில வந்தப்ப நான் ஏழாவது. சின்னப் புள்ளைகளுக்குத்தான் முதல்ல. என் தங்கச்சிக்குச் சோறு உண்டு, எனக்கு இல்லை. பெரிய பசங்களுக்கும் 1984-லதான் விரிச்சாங்க. அந்த ரெண்டு வருசம் அவமேல எனக்கு இருந்த பொறாமையை இப்பவும் சொல்லிச் சிரிப்பா.

அப்பத்தா பேச்சு அப்பத்தாவோட போயிருச்சுன்னு நினைச்சேன். போகலை.

காலைச் சாப்பாடு சமைக்கறது மகளிர் சுய உதவிக் குழுப் பொண்ணுங்க. அந்தப் பள்ளிக்கூடத்துலயே அவங்க குழந்தை படிக்கணும்னு விதி. நல்ல விதிங்க. தன் புள்ளையும் திங்கற சோத்துல யாரு கல்லைப் போடுவா? எங்க ஊருக்கு வந்த பொண்ணு காலனியில இருந்து வந்துச்சு. ஒரு வாரத்துல டீக்கடையில பேச்சு ஆரம்பிச்சுருச்சு. "ஆள மாத்தச் சொல்லி மனுக் குடுக்கலாம், நீயும் ஒரு கையெழுத்துப் போடு"ன்னு எங்க ஆளுக மூணு பேரு தோட்டத்துக்கே வந்துட்டாங்க. எல்லாரும் கல்யாணம் காட்சிக்கு வேணுங்கறவங்க. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "பார்க்கலாம்"னேன். போடமாட்டேன்னு சொல்ல வாய் வரலை.

அவங்க வந்தப்ப காட்டுல சின்ன வெங்காயம் புடுங்கிட்டு இருந்தாங்க. புடுங்கினது யாரு? அந்தப் பொண்ணோட அம்மாவும் இன்னும் ஆறு பேரும். அந்த வெங்காயந்தான் திருப்பூர் மார்க்கெட்டுக்குப் போகுது. மனுவோட வந்தவங்க வீட்டுக் குழம்புலயும் அதுதான் வேகுது. இதைச் சொல்லியிருக்கலாம். ராத்திரி படுத்தப்பத்தான் தோணுச்சு.

இது எங்க ஊர் சங்கதி மட்டும் இல்லைங்க. 2018 ஜூலையில அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில, ஒரு தலித் அம்மா சத்துணவு சமைக்கக் கூடாதுன்னு பெரிய தகராறு. பிரச்சினை பண்ணினவங்களை விட்டுட்டு அந்த அம்மாவைத்தான் முதல்ல வேற இடத்துக்கு மாத்தினாங்க. எதிர்ப்பு கிளம்பின பிறகு அந்த உத்தரவை ரத்து பண்ணினாங்க. வழக்கு ஏழு வருசம் நடந்து, 2025 நவம்பர்ல திருப்பூர் கோர்ட்டு ஆறு பேருக்கு ரெண்டு வருசம் சிறைன்னு தீர்ப்பு சொல்லுச்சு. 2023 செப்டம்பர்ல எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டியிலயும் காலை உணவுல இதே கதை. கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்க் குழந்தைகளோட உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்துச்சு. காமராசர் மதிய உணவைத் தொடங்கி வெச்சதே அந்த எட்டயபுரத்துலதாங்க.

எங்க ஊர்ல மனு தானாவே அமுங்கிருச்சு. அவிநாசி கேஸை யாரோ ஞாபகப்படுத்தியிருப்பாங்க. ஒரு வீட்டுல மட்டும் ரெண்டு புள்ளைகளையும் தனியார் பள்ளி வேன்ல ஏத்திவிட்டாங்க. மத்த குழந்தைக எல்லாம் ஒரே வரிசையில உட்கார்ந்து திங்குது. ஒடிசாக்காரங்க புள்ளைகளும் நாலஞ்சு இருக்குது. அதுல ஒருத்தன் என் பேரனை விட நல்லாக் கொங்குத் தமிழ் பேசறான், "ஏனுங்க அப்பாரு"ன்னு என்னையவே கூப்பிடறான்.

போன புதன்கிழமை முருங்கைக்காய் ஒரு கட்டுக் கொண்டுபோனேன். மரம் சும்மா காய்ச்சுக் கொட்டுது, விலை இல்லை. சாம்பாருக்கு ஆகட்டும்னு குடுத்தேன். அந்தப் பொண்ணு வாங்கிக்கிட்டு, "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கண்ணா"ன்னுச்சு. அவங்க அம்மா என்னை இன்னும் "பண்ணாடி"ங்குது. மக "அண்ணா"ங்குது. கையெழுத்துச் சமாச்சாரம் அதுக்குத் தெரியுமோ என்னமோ. ஊர்ல எது தெரியாம இருக்குது? தெரிஞ்சிருக்கும்.

திண்ணையில பேரன் பக்கத்துல உட்கார்ந்தேன். தட்டுல பொங்கலை வெச்சு சாம்பாரை ஊத்துச்சு. சாலையில போன டீக்கடைக்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துட்டுப் போனாரு. பொங்கல் நல்லா குழைஞ்சு இருந்துச்சு, உப்புத்தான் கொஞ்சம் கம்மி. சொல்லட்டுமா வேண்டாமான்னு யோசிச்சேன். அதுக்குள்ள பேரன், "அத்தை, எங்க அப்பாருக்கு உப்புப் பத்தலையாமா"ன்னு கத்திட்டான். நான் வாயே திறக்கலைங்க. மூஞ்சியைப் பார்த்தே கண்டுபுடிச்சிருக்கான்.