மிச்சம் பிடிக்கச் சொன்னோம், ஒரு பிள்ளை திருப்பிக் கேட்டாள்

மேலூர் சாலையை விட்டு உள்ளே தள்ளி, பெரியாறு பாசனக் கால்வாயை ஒட்டியிருக்கும் ஒரு காலனியில் நாங்கள் மாலை நேரப் படிப்பகம் நடத்துகிறோம். ஆறு தோழர்கள் சேர்ந்து நடத்துவது. பிளஸ் டூ பிள்ளைகளும் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பிள்ளைகளுமாக இருபது பேருக்கு மேல் வருவார்கள். அவர்களுக்குப் பணத்தைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டும் என்ற எண்ணம் போன ஆண்டுதான் வந்தது.

காரணம் எளிது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். நம் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் நேராக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. பதினேழு, பதினெட்டு வயதில் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதில் மாதாமாதம் பணம். நம் தெருவில் இப்படி ஒரு தலைமுறை இதற்கு முன் இருந்ததில்லை. அந்தப் பணத்தை என்ன செய்வது என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா?

முதல் வகுப்பை நாங்கள் கெடுத்தோம். கரும்பலகையில் டீ, பரோட்டா, சினிமா, ரீசார்ஜ் என்று வரிசையாக எழுதி, எதை எதைக் குறைத்தால் மாதம் 500 ரூபாய் மிச்சமாகும் என்று கூட்டிக் காட்டினோம். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள்.

"அண்ணே, ரூவா ஏறுன அன்னைக்கே எங்கம்மா எடுத்துத் தண்டலுக்குக் கட்டிருதுண்ணே. நான் பரோட்டாவும் திங்கல, படத்துக்கும் போகல. எதைண்ணே மிச்சம் புடிக்கிறது?"

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. வகுப்பை அத்தோடு முடித்துக்கொண்டோம்.

அன்று இரவு நாங்கள் பேசியதை இங்கே எழுதியே ஆக வேண்டும். ஏழைக்குச் சிக்கனம் போதிப்பது இந்த நாட்டில் பழைய வழக்கம். 'இவர்கள் கையில் காசு தங்காது' என்பதை ஊர்த் தெருவிலும் கேட்டிருக்கிறோம், அலுவலகங்களிலும் கேட்டிருக்கிறோம். அதையே நாங்களும் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்திருந்தோம். சூத்திரன் பொருள் சேர்க்கக் கூடாது என்று மனு எழுதி வைத்ததை அண்ணல் அம்பேத்கர் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார். சேர்க்கத் தெரியாததால் வந்த வறுமையல்ல இது. சேர்ப்பதற்குத் தடை போட்டதால் வந்தது. 1892க்குப் பிறகு கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எத்தனை ஊரில் இன்று யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாலே இது விளங்கும்.

அப்படியும் நம் ஆட்கள் சேமித்தே வந்திருக்கிறார்கள். அரிசிப் பானைக்குள் முடிச்சுப் போட்ட துணி, வாரத்துக்கு வளர்க்கும் ஆட்டுக்குட்டி, ஏலச்சீட்டு, காதில் கிடக்கும் அரைப் பவுன் தோடு, எல்லாம் சேமிப்புதான். அவசரத்துக்கு அந்தத் தோடு அடகுக்கடைக்குப் போகும், வட்டி கட்ட முடியாமல் அங்கேயே முழுகிப் போகும். நம்மிடம் சேமிக்கும் பழக்கம் எப்போதும் இருந்தது. அதைப் பத்திரமாக வைக்க ஓர் இடமும், அவசரத்துக்கு நியாயமான வட்டியில் ஒரு கடனும்தான் இல்லை.

அதனால் இரண்டாவது வகுப்பைக் கடனிலிருந்து தொடங்கினோம். அந்தப் பெண்ணையே வீட்டிலிருக்கும் தண்டல் அட்டையைக் கொண்டுவரச் சொன்னோம். கடன் 10,000 ரூபாய். பிடித்தம் போகக் கையில் கொடுத்தது 9,000. நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூவாதானண்ணே வட்டி, பத்து சதவீதம்தான்" என்றான் ஒருவன். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

நாள் நாளாகக் கணக்குப் போட்டோம். முதல் நாளே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுவதால் 9,000 ரூபாய் முழுதாக 100 நாளும் நம்மிடம் இருப்பதில்லை. ஐம்பதாவது நாளில் பாதிக்கு மேல் அடைந்து போயிருக்கும். சராசரியாகப் பார்த்தால் நம்மிடம் இருந்தது ஐயாயிரத்துக்கும் குறைவான பணம், அதுவும் மூன்று மாதத்துச் சொச்சம். அதற்கு ஆயிரம் ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக் கணக்கில் 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. பத்து வட்டிக்கு வாங்கினால் ஆண்டுக்கு 120 சதவீதம். மகளிர் குழு மூலம் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் வாங்கும் வங்கிக் கடனுக்கு 3 லட்சம் ரூபாய் வரை ஆண்டு வட்டி 7 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் வகுப்பில் சத்தம் அடங்கிவிட்டது. பிள்ளைகளிடம் சொன்னோம்: 75 சதவீத வட்டிக் கடன் வீட்டில் இருக்கும்போது அதை அடைப்பதுதான் முதல் முதலீடு. அதைவிட லாபமான ஒன்றை எந்தப் பங்குச் சந்தையும் உறுதியாகத் தராது. அந்தப் பெண்ணின் ஆயிரம் ரூபாய் வீணாகப் போகவில்லை. அதைத் தண்டலுக்குக் கட்டிய அம்மா தவறு செய்யவில்லை. அடுத்த தண்டல் வாங்காமல் இருக்க என்ன வழி என்பதுதான் கேள்வி.

அடுத்த வாரம் அம்மாக்களையும் வரச் சொன்னோம். பணத்தை அம்மாவுக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கச் சொல்லித்தரும் வகுப்பு எங்களுக்கு வேண்டாம். எட்டுப் பேர் வந்தார்கள். அஞ்சலகத்தைப் பற்றி நாங்கள் பேசப் பேச ஓர் அம்மா சிரித்தார். "ராத்திரி பத்து மணிக்குப் புள்ளைக்கு நெஞ்சடைச்சா தண்டல்காரன் வாசல்ல வந்து பணத்தைக் குடுப்பான் தம்பி. ஒங்க போஸ்டாபீஸ் வருமா?"

வராதுதான். அந்த ராத்திரிக்கென்று ஒரு 5,000 ரூபாய் தனியாக இருந்தால் தண்டல்காரர் வர வேண்டியதில்லை. எங்கள் பாடத்தின் முதல் இலக்கு அந்த 5,000தான்.

அதை எங்கே வைப்பது? பத்து வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே பணம் போட்டு எடுக்கலாம். தொடங்க 500 ரூபாய் வேண்டும். அதுவும் இல்லையென்றால் வங்கியில் குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும், இல்லை என்று சொன்னால் எழுத்தில் கேட்க வேண்டும். வங்கியே மூழ்கினாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. சீட்டுப் பிடிக்கும் பக்கத்துத் தெருக்காரரிடம் அது கிடையாது.

அவசரப் பணம் சேர்ந்த பிறகு அஞ்சலகத் தொடர் வைப்பு. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து ஆண்டு. இப்போதைய 6.7 சதவீத வட்டியில் மாதம் 500 போட்டால், கட்டிய 30,000 ரூபாய் 35,600 சொச்சமாகத் திரும்பும். பெரிய தொகையல்ல. பட்டப்படிப்பு முடித்து வேலை தேடி அலையும் மாதங்களில் யாரிடமும் கைநீட்டாமல் இருக்க உதவும். அவ்வளவுதான் சொன்னோம்.

ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்பதை அழுத்திச் சொன்னோம். தூய்மைப் பணியாளர்களின் அட்டையையே அடமானமாக வாங்கி வைத்துக்கொண்டு சம்பள நாளில் பணத்தை உருவும் வட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003லிருந்தே சட்டம் இருக்கிறது என்று சொன்னபோது பல அம்மாக்கள் நம்பவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு முன்னுதாரணம் தேடி நாங்கள் தூரம் போகவில்லை. அழகர்கோவில் பக்கம் பில்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாவின் கதையைச் சொன்னோம். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி. கூலியாட்களைத் திரட்டி, நியாயமான கூலி பேசி வாங்கித் தந்தவர். 1990 வாக்கில் தொடங்கிய களஞ்சியம் இயக்கத்தில் பெண்களைச் சேர்த்துச் சிறுகச் சிறுகச் சேமிக்க வைத்து, அந்தப் பணத்தையே அவர்களுக்குக் கடனாகச் சுற்றவிட்டார். 2001 ஜனவரியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாட்டி கதை மாதிரி பிள்ளைகள் கேட்டார்கள்.

அதோடு நிறுத்தவில்லை. அதே சின்னப்பிள்ளை, வீட்டுத் திட்டத்தில் தருவதாகச் சொன்ன வீடு வந்து சேரவில்லை என்று முதிய வயதில் வெளியே சொல்ல வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில்தான் மாநில அரசு அவருக்கு வீடு கட்டித்தர உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான பெண்களைச் சேமிக்க வைத்தவருக்கே சேமிப்பு மட்டும் வீடாகவில்லை. சிறுசேமிப்பால் வட்டிக்காரரின் பிடி தளரும், கூலி பேசும்போது நாலு நாள் பொறுத்து நிற்கத் தெம்பு வரும். நிலத்தையும் வீட்டையும் வேலையையும் அரசிடம் உரிமையாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே எங்கள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் இரண்டு பக்கம் எழுதுகிறது. ஒரு பக்கம் நம் வரவு செலவு. மறுபக்கம் நமக்கு வர வேண்டியது. உதவித்தொகை ஏறியதா, ஆதாரோடு கணக்கு இணைந்திருக்கிறதா? அண்ணனுக்கோ அக்காவுக்கோ தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால் தாட்கோவில் என்ன மானியம்? ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் அப்பாவின் வருங்கால வைப்புநிதி என்ன ஆயிற்று? ஒரு பையன் அப்பாவின் எண்ணைப் போட்டு செல்போனில் பார்த்தபோது, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த தொகை பல மாதம் கணக்கில் ஏறவே இல்லை. ஒப்பந்தக்காரர் மீது புகார் எழுதிக் கொடுத்தோம். இன்னும் அலைந்துகொண்டிருக்கிறோம். அந்தப் பதினேழு வயதுப் பையன் எழுதிய முதல் மனு அது.

ஒரு பிள்ளையை நாங்கள் இழந்ததையும் மறைக்கக் கூடாது. கெட்டிக்காரப் பையன். செல்போன் செயலியில் ஆப்ஷன்ஸ் வணிகம் செய்தால் நாளுக்கு 2,000 சம்பாதிக்கலாம் என்று ஏதோ வீடியோவில் பார்த்து, அண்ணன் பெயரில் கணக்கு தொடங்கி, உதவித்தொகை முழுவதையும் மூன்று வாரத்தில் விட்டான். வெட்கப்பட்டுப் படிப்பகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு முறை வீட்டுக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

அவன் முட்டாள் இல்லை. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியே சொல்லியிருக்கிறது. இந்த எண்ணை அவன் பணத்தைப் போடுவதற்கு முன்னால் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அதையும் பாடத்தில் சேர்த்துவிட்டோம். ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கிப் பல ஆண்டு வைத்திருப்பது வேறு, நாளை விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது வேறு. ஐந்தாறு ஆண்டு தொடத் தேவையில்லாத பணம் இருந்தால் மட்டும் மியூச்சுவல் ஃபண்டைப் பற்றி யோசிக்கலாம், அதிலும் ஏற்ற இறக்கம் உண்டு. மாதம் 5 சதவீதம் உறுதி என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிட வேண்டும். அப்படி ஏமாந்தவர்களின் வழக்குகளை விசாரிக்கவே மதுரையில் ஒரு தனி நீதிமன்றம் இயங்குகிறது.

தோழர்களே, பணத்தைப் பற்றிப் பேசுவது நமக்குக் கூச்சமாகவே இருந்து வந்திருக்கிறது. அது முதலாளிகளின் பேச்சு, நம்முடையது அரசியல் என்று ஒதுக்கினோம். அண்ணல் அப்படி ஒதுக்கவில்லை. 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நாம் விட்ட இடத்தில் தண்டல்காரரும் செயலிக்காரரும் வந்து பாடம் நடத்துகிறார்கள். உங்கள் பகுதியில் படிப்பகம் இருந்தால் மாதம் ஒரு மாலை இதற்கு ஒதுக்குங்கள். பரோட்டாக் கணக்கிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். தண்டல் அட்டையிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் வீட்டில் அப்போது மூன்று தண்டல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டை முடித்துவிட்டார்கள். மூன்றாவது இன்னும் இருக்கிறது. போன மாதம் அவள் மாதம் 100 ரூபாய்க்குத் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கி, பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அவள் அம்மா அதை வாங்கி, பெயர் எழுதிய பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பெயரில் ஒன்று தொடங்க என்னென்ன வேண்டும் என்று எங்களிடம் கேட்டார்.

ஜெய் பீம்.