கடைசியா எப்ப குடிச்சீங்க?

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் "குடிப்பீங்களா?" என்று கேட்டால் குமராட்சிப் பக்கத்து ஆள் ஆமாம் என்று சொல்லமாட்டார். மனைவியும் பக்கத்துக் கட்டில்காரரும் பார்த்துக்கொண்டிருக்க எப்படிச் சொல்வார்? "எப்பவாவது, விசேஷத்துக்கு" என்பார். நான் திரையை இழுத்துவிட்டு, பிபி பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே, "அண்ணே, கடைசியா எப்ப குடிச்சீங்க?" என்பேன். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்கிற அதே குரலில் கேட்க வேண்டும். நர்ஸ் வேலையில் ஊசி போடப் பழகுவதைவிட இந்தக் குரலுக்குப் பழகத்தான் நாளாகும்.

தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில், கால் முறிந்து படுத்திருப்பவர் "மாட்ட அவுக்கணும்" என்று கட்டிலை விட்டு இறங்குவார். விரிப்பில் இல்லாத எறும்பைப் பொறுக்குவார். இதுதான் டெலிரியம் ட்ரெமன்ஸ். கவனிக்காவிட்டால் உயிரே போகும். விவரம் தெரியாத வார்டில் இதற்குப் பெயர் ரகளை. கையைக் கட்டிலோடு கட்டிவிடுவார்கள். முன்பே தெரிந்திருந்தால் டாக்டர் லோராசெபாம் மருந்து எழுதியிருப்பார், குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் என்ற வைட்டமின் ஊசி போட்டிருப்போம்.

நோயாளியோடு வந்த ஒரு அம்மா சொன்னார்: "குடிக்கிற ஆளுன்னு தெரிஞ்சா சரியா பாக்க மாட்டாங்கன்னு மறைச்சிட்டேன் சிஸ்டர்." வேறொரு இடத்தில் அவருக்கு நேர்ந்த அனுபவம் அது. எனக்கு ஆத்திரமாக வந்தது. சர்க்கரை நோயாளி லட்டு தின்றுவிட்டு வந்தாலும் இன்சுலின் போடுகிறோமே! குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் நோய் என்றுதான் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. உடல் நோய்க்குச் சமமாகப் பார்க்க வேண்டும் என்கிறது.

விஷச் சாராயம் என்றால் இந்தப் பயம் இன்னும் ஆபத்து. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. மெத்தனால் குடித்தவருக்குக் கண் மங்கத் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். திட்டு விழும் என்று பயந்து அவர் வீட்டிலேயே படுத்துக்கொண்டால் எந்த முறிமருந்தும் உதவாது.

கேஸ் ஷீட்டில் "குடிகாரர்" என்று நான் எழுதுவதில்லை. "நேற்று இரவு ஒன்பது மணி, ஒரு குவார்ட்டர், பல வருடமாகத் தினமும்" என்று எழுதுவேன். நைட் டூட்டிக்கு வரும் சிஸ்டரிடம், "இவர ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல விரிச்சுப் பாரும்மா. நடுங்கினா உடனே டாக்டரக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுத்தான் காட்டுமன்னார்கோவில் பஸ்ஸுக்குக் கிளம்புவேன்.