கோடு போட்டது யாரு?

டெல்லி பக்கம் குடித்தனம் வந்த நம்ம ஆளுங்க ரெண்டு பேர் சந்திச்சா, பேச்சு கடைசியில மூணு இடத்துல வந்து நிக்கும். தண்ணி, தூசி, பசங்க ஸ்கூல் ஃபீஸ். இன்னிக்கு எழுதப்போறது முதல் ரெண்டைப் பத்தி. குறிப்பாச் சொன்னா, கார் துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியை எப்படித் துவைக்கிறது, எப்படிக் காயப்போடுறதுன்னு.

"துணி துவைக்கிறதுக்கெல்லாம் ஒரு பதிவா?"ன்னு தங்கமணி ஏற்கெனவே கேட்டாச்சு. நீங்களும் கேக்கலாம். கொஞ்சம் பொறுமையாப் படிங்க. ஒருத்தரோட சம்பளம் இந்தத் துணியில மாட்டிக்கிட்டு இருந்தது.

குர்காவ்ன் வாழ்க்கை தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை. இங்கே அடுக்குமாடிக் குடியிருப்புல கார் வச்சிருக்கிறவங்க பெரும்பாலும் தானே துடைக்கிறதில்லை. விடிகாலையில ஒருத்தர் வந்து துடைச்சிட்டுப் போவார். மாசம் ஒரு காருக்கு 500, 600 ரூபாய். எல்லாரும் அவரை "பையா"ன்னு கூப்பிடுவாங்க. இந்தியில பையான்னா அண்ணன். நம்ம காதுக்கு அது பையன் மாதிரி விழும். பல பேர் அவரை நடத்துறதைப் பார்த்தா நம்ம அர்த்தம்தான் சரியோன்னு தோணும்.

எங்க பையா மால்டா பக்கத்துக்காரர். காலையில 5 மணிக்கு ஆரம்பிச்சு 8 மணிக்குள்ள 25 கார் முடிக்கணும், ஏன்னா 8 மணிக்கு எல்லாரும் ஆபீஸ் கிளம்பிடுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு காருக்கு 7 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. ஒரு வாளி, ஒரு துணி. அந்தத் துணியும் யாரோ கழிச்சுக்கட்டின பழைய பனியன்.

போன குளிர்காலத்துல எங்க பிளாக்ல ஒருத்தர் புதுசாக் கறுப்புக் கார் வாங்கினார். ரெண்டே மாசத்துல பானெட் மேல சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாக் கோடு. நிழல்ல தெரியாது, வெயில்ல நிறுத்தினாப் பளிச்சுன்னு தெரியும். பாலிஷ் போடக் கடையில 4000 ரூபாய் கேட்டிருக்காங்க. அதைப் பையா சம்பளத்துல மாசாமாசம் பிடிக்கணும்னு குடியிருப்புக் கூட்டத்துல கொண்டு வந்துட்டார். "நல்ல துணி வாங்கிக் குடுத்தேன். அதைத் தொடவே இல்லை. திமிரு"ன்னு வேற சொன்னார்.

அந்தக் கூட்டத்துல நான் எழுந்து சொன்னதைத்தான் இங்கே விரிவா எழுதறேன்.

காரோட பெயிண்ட்டுக்கு மேல கிளியர்கோட்டுன்னு கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அதோட கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான், நம்ம தலைமுடியை விடக் குறைச்சல். இந்த ஊர்த் தூசியில இருக்கிறதுல முக்கியமான ஒண்ணு குவார்ட்ஸ், அதாவது மணல். மோஸ் கடினத்தன்மை அளவுல அதுக்கு 7. கண்ணாடியையே கீறும், பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த அந்தப் பூச்சு எம்மாத்திரம்? முதல் கார்ல எடுத்த மணல் துணியில உட்கார்ந்துக்கும், வாளித் தண்ணியிலயும் கலந்துக்கும். பத்தாவது காருக்கு வரும்போது அது துணியே இல்லை, உப்புத்தாள். கோடு போட்டது துணியில இருந்த மண்ணு. அவர் எவ்வளவு மெதுவாத் துடைச்சாலும் கோடு விழத்தான் செய்யும்.

பைப்பைப் பிடிச்சு அடிச்சுக் கழுவினா இந்தப் பிரச்னை குறையும். ஆனா அதுக்கெல்லாம் தண்ணிக்கு எங்கே போறது? 2024 மார்ச்சுல பெங்களூர்ல குடிதண்ணியில கார் கழுவினா 5000 ரூபாய் அபராதம்னு குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கும். நம்ம நகரங்கள்ல இனிமே வாளியும் துணியும்தான். அதனால துணி சுத்தமா இருக்கணும்.

இப்ப அந்தத் துணியைப் பத்தி. மைக்ரோஃபைபர்ங்கிறது பருத்தி கிடையாது. பாலியெஸ்டரும் நைலானும் கலந்த செயற்கை இழை, பெரும்பாலும் 80க்கு 20, இல்லைன்னா 70க்கு 30. 9000 மீட்டர் நீள இழை ஒரு கிராம்கூட எடை வராது, அவ்வளவு மெல்லிசு. 1970ல ஜப்பானோட டோரே கம்பெனியில மியோஷி ஒகமோட்டோங்கிறவர் இந்த மாதிரி நுண்ணிழையை வச்சு மெத்துன்னு தோல் மாதிரி ஒரு துணி செஞ்சார். கார் துடைக்கிற துணியில ஒவ்வொரு இழையையும் ஆரஞ்சுச் சுளை மாதிரி நீளவாக்குல பிளந்திருப்பாங்க. அந்தச் சுளைகளுக்கு நடுவுல இருக்கிற இடுக்குலதான் தண்ணியும் தூசியும் போய் உட்காரும். துவைக்கிறதுல எல்லா விதியும் இந்த ஒரு விஷயத்துலேர்ந்துதான் வருது: அந்த இடுக்கு அடைபடக் கூடாது.

ஒண்ணு, பிரிச்சு வைக்கிறது. பாடிக்குத் தனி நிறம், கண்ணாடிக்குத் தனி, உள்பக்கத்துக்குத் தனி, சக்கரத்துக்குத் தனி. சக்கரத்துல பிரேக் தேயற இரும்புத்தூள் இருக்கும். அந்தத் துணி எத்தனை தடவை துவைச்சாலும் பாடிப் பக்கம் வரக்கூடாது. ஓரத்துல தச்சிருக்கிற லேபிளை முதல் நாளே வெட்டிடுங்க, அதுவும் கீறும்.

ரெண்டு, ஊற வைக்கிறது. அழுக்கோட காயவிட்டா மண்ணு உள்ளே இறுகிடும். வெளியில வச்சு நல்லா உதறிட்டு அரை மணி நேரம் தண்ணியில போட்டு வைங்க. பாதி மண்ணு வாளி அடியில தங்கிடும். அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுத்தான் சோப்புப் போடணும்.

மூணு, தனியாத் துவைக்கிறது. பனியன், துண்டு, லுங்கியோட மெஷின்ல சேர்த்துப் போடாதீங்க. பருத்தியிலேர்ந்து வர்ற பிசிறு எல்லாத்தையும் இது பிடிச்சு வச்சுக்கும்.

நாலு, சோப்பு. லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சமா, ஒரு நாலஞ்சு துணிக்கு ஒரு ஸ்பூன் போதும். பவுடர்ல இருக்கிற சோடாவும் இந்த ஊர் போர் தண்ணியில இருக்கிற கால்சியமும் சேர்ந்தா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாப் படியும். துணி மணக்கணும்னு நம்ம வீட்டுல ஊத்துற சாஃப்ட்னர் ஒரு சொட்டு கூட வேண்டாம். அது இழை மேல மெழுகு மாதிரி பூசிக்கும், அப்புறம் துணி தண்ணியை உறிஞ்சாது. பிளீச்சும் வேண்டாம், இழை பலம் போயிடும். வெந்நீர்னா கை பொறுக்கிற சூடு, 40 டிகிரி. மெழுகு, பாலிஷ் துடைச்ச துணிக்கு மட்டும் அந்தச் சூடு நிச்சயம் வேணும்.

அஞ்சு, கடைசி அலசல். இந்திய அரசோட குடிநீர்த் தர அளவுல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியில்லைன்னா 600 வரைக்கும் ஏத்துக்கலாம்னு இருக்கு. பாத்ரூம் குழாய் மேல வெள்ளை வெள்ளையாப் படியுதுன்னா உங்க துணிக்குள்ளயும் அதேதான் படியுது. அரை வாளித் தண்ணியில அரை கப் வெள்ளை வினிகர் விட்டு அலசினா அந்தச் சுண்ணாம்பு கரைஞ்சு போகும். ஆனா பிளீச்சும் வினிகரும் ஒரே வாளியில சேரவே கூடாது, குளோரின் வாயு வரும்.

இங்கே ஒரு வீட்டுக் குறிப்பு. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற தண்ணியை வீணாக்க மனசு வராம நிறைய வீட்டுல வாளியில பிடிச்சு வச்சுக் காருக்குக் குடுக்கிறாங்க. நல்லெண்ணம்தான். ஆனா வடிகட்டின உப்பு எல்லாம் அந்தத் தண்ணியிலதான் இருக்கு. தரை துடைக்க வச்சுக்குங்க, பாத்ரூம்ல ஊத்துங்க. காருக்கும் இந்தத் துணிக்கும் கடைசி அலசலுக்கு வேண்டாம். அதுக்கு ஏ.சி.யிலேர்ந்து சொட்டுற தண்ணி இருக்கு. காத்துல இருந்த ஈரம் குளிர்ந்து வர்றது, உப்பே கிடையாதுன்னு சொல்லலாம். மே, ஜூன்ல எங்க வீட்டு பால்கனியில ராத்திரிக்கு ஒரு வாளி நிறையும். ஒரு பழைய துணியில வடிகட்டிட்டு அதுல அலசினா வினிகர் கூடத் தேவைப்படாது.

ஆறு, காயப்போடுறது. பருத்தி இழை ஈரத்தைத் தனக்குள்ளேயே இழுத்துக்கும், சாதாரணக் காத்துலயே அதோட எடையில சுமார் 8 சதவீதம் ஈரம் இருக்கும். பாலியெஸ்டருக்கு அரை சதவீதம் கூட இல்லை. தண்ணி இழைக்கு நடுவுல நிக்குதே தவிர உள்ளே போறதில்லை. அதனால மெஷின்ல ஒரு சுத்து சுத்தவிட்டு, வீட்டுக்குள்ள ஸ்டாண்டுல போட்டு ஃபேனைப் போட்டாலே சீக்கிரம் உலர்ந்துடும். வெயில் தேவையே இல்லை, வெயில் பட்டுப் பட்டு நைலான் நைஞ்சு போகும். ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் இங்கே ஆந்தின்னு புழுதிக்காத்து வீசும். அப்ப பால்கனிக் கொடியில போட்டா, துவைச்ச துணியில மறுபடியும் மணலைத் தூவின மாதிரிதான். இஸ்திரி போடவே கூடாது. டிரையர் இருந்தா குறைஞ்ச சூடு மட்டும். அதிகச் சூட்டுல இழை விறைச்சுப் போய், அப்புறம் அதுவே கீற ஆரம்பிக்கும். காய்ஞ்சதும் மடிச்சு ஒரு மூடி போட்ட டப்பாவுல வைங்க.

துணி இன்னும் நல்லா இருக்கான்னு பார்க்க ஒரு சோதனை. மேஜை மேல கொஞ்சம் தண்ணி ஊத்தித் துணியை வச்சு இழுங்க. உறிஞ்சினா சரி. தண்ணியைத் தள்ளிக்கிட்டே போனா இடுக்கு அடைஞ்சிருக்கு. வெந்நீர், வினிகர் வச்சு இன்னொரு தடவை துவைங்க. அப்பவும் சரியாகலைன்னா பதவியிறக்கம்: பாடித் துணி கதவு இடுக்குக்குப் போகும், அங்கேயிருந்து சக்கரத்துக்கு, அப்புறம் பசங்க சைக்கிள் செயினுக்கு. கீழே போனது திரும்ப மேலே வரக்கூடாது.

இன்னொரு விஷயமும் உண்டு. துவைக்கும்போது இந்த இழை உதிரும், அது பிளாஸ்டிக். 2016ல இங்கிலாந்தோட பிளைமவுத் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணினப்போ, 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒரு தடவை துவைச்சா 7 லட்சத்துக்கும் மேல இழை தண்ணியில போகலாம்னு கணக்குச் சொன்னாங்க. நம்மோடது வேற இழைதான், இருந்தாலும் மெஷின் வடிகட்டியில சேர்ற பஞ்சைக் குழாயடியில அலசி விடாம எடுத்துக் குப்பைத் தொட்டியில போடுங்க.

சரி, பையா விஷயம். ஒரு காருக்குக் கிடைக்கிற மொத்தக் கூலி 600. ஒரு நல்ல துணி 100 ரூபாய் கிட்ட. 25 காருக்கும் அவரே துணி வாங்கித் துவைச்சு மாத்தணும்னா அது நடக்கிற காரியமான்னு கேட்டேன். கூட்டத்துல கொஞ்சம் முணுமுணுப்பு, அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. சம்பளத்துல பிடிக்கிறது இல்லைன்னு முடிவாச்சு. ஒவ்வொரு வீடும் தன் காருக்கு ரெண்டு துணி குடுக்கணும், ஞாயித்துக்கிழமை அவங்கவங்களே துவைச்சுக்கணும். துணியை நாலா மடிச்சா 8 பக்கம் கிடைக்கும், ஒரு பக்கம் அழுக்கானா அடுத்த பக்கம். கறுப்புக் கார்க்காரர் மட்டும் வேற ஆளைப் பார்த்துக்கிட்டார். பையாவுக்கு மாசம் 600 ரூபாய் நஷ்டம்தான். ரெண்டு மாசம் கழிச்சு வேற வீடு கிடைச்சுது.

ஆனா, குடுத்த துணியை அவர் ஏன் தொடலைங்கிற கேள்வி மட்டும் பாக்கி இருந்தது. அடுத்த நாள் காலையில கீழே போய் எனக்குத் தெரிஞ்ச இந்தியில கேட்டேன். அவர் ஒண்ணும் சொல்லலை, ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினார். ஜனவரி மாசம், 5 டிகிரி குளிர், மூணு மணி நேரம் பச்சைத் தண்ணி. விரல் பூரா வெடிப்பு. பிளந்த இழை எதைப் பார்த்தாலும் கொக்கி போட்டுப் பிடிக்கும்னு மேலே சொன்னேன் இல்லையா? அது வெடிச்ச தோலையும் விடாது. ஒவ்வொரு தடவை துணியைப் பிழியும்போதும் வெடிப்புல சிக்கி இழுத்திருக்கு. பழைய பனியன் அப்படிப் பண்ணாது. கூட்டத்துல திமிருன்னு பேர் வாங்கினது அந்த வெடிப்புதான்.

தங்கமணி ஒரு ஜோடி ரப்பர் கையுறையும், ராத்திரி தடவிக்க ஒரு பாட்டில் தேங்காயெண்ணெயும் குடுத்தாங்க. காலையில தடவினா எண்ணெய் துணியில ஏறி இடுக்கை அடைச்சிடும், அதனால ராத்திரி மட்டும். கீழ்வீட்டு மாமி டிசம்பர், ஜனவரியில தினம் ஒரு வாளி கெய்சர் வெந்நீர் குடுக்கிறாங்க. இப்ப எங்க பிளாக்ல எல்லாக் காருக்கும் மைக்ரோஃபைபர்தான்.

உங்க வீட்டுக் காரைத் துடைக்கிறவர் நல்ல துணியை வாங்கி ஓரமா வச்சிட்டுப் பழசையே எடுத்தாருன்னா, கோவப்படுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவர் கையைப் பாருங்க. துணியை ஞாயித்துக்கிழமை நீங்களே துவைச்சுடலாம், மொத்தமாப் பார்த்தா அரை மணி நேர வேலைதான்.