போதும் என்னும் சொல்

சிராங்கூன் சாலையிலிருந்து ஜாலான் புசாருக்குச் செல்லும் குறுக்குத் தெருக்களுள் ஒன்றில் நடக்கும்போதெல்லாம் மண்ணெண்ணெய் மணம் வருவதாக எனக்கு ஒரு மயக்கம் உண்டாகும். உண்மையில் அங்கே இன்று மண்ணெண்ணெய் இல்லை. என் தந்தையார் வேலை பார்த்த பட்டறை இருந்த இடத்தில் இப்போது உணவுக்கடை நடக்கிறது. பழைய உதிரிப் பாகங்களைத் தேடி அவர் என்னை அழைத்துச் சென்ற சுங்கை ரோடு சந்தையும் 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டுவிட்டது.

தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவன் டீசல் எந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். ஆசிரியப் பணியில் நான் செய்த பெரும்பிழை ஒன்றை, அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே அந்தப் பட்டறையில் ஒருமுறை செய்திருந்தேன் என்பதே காரணம்.

1984ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். எனக்கு வயது பதினைந்து. சிங்கப்பூர் ஆற்றில் இருந்த சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றப்பட்ட பிறகு, பட்டறைக்கு வரும் படகு வேலை அருகிப் போயிருந்தது. அந்த நிலையில்தான் சாங்கி முனையிலிருந்து உபின் தீவுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் சீனர் ஒருவர் தம் படகின் எந்திரத் தலையைக் கொண்டுவந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தந்தையாருக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் பொதுவாகச் சந்தை மலாய் இருந்தது. காலையில் எந்திரம் கிளம்ப மறுக்கிறது, வெண்புகை கக்குகிறது, எதிர்நீரில் இழுவை இல்லை என்று அவர் முறையிட்டார். பள்ளி விடுமுறைக் காலம். தீவுக்குச் செல்வோர் மிகுதி. படகு நிற்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு இழப்பு.

டீசல் எந்திரத்தில் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்கப்பட்ட காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எந்திரத்தின் அடிப்படை இதுதான். ஆகவே காற்று சிறிது கசிந்தாலும் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் எண்ணெய் எரியாமல் வெண்புகையாக வெளியேறும்.

அந்தக் கசிவைத் தடுப்பவை வால்வும் அது வந்து அமரும் இருக்கையும். பட்டறையில் அதனைச் ‘சீட்டு’ என்பார்கள். நிமிடத்திற்கு 1,500 சுற்றுச் சுழலும் எந்திரத்தில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்திற்கு 750 முறை எழுந்து அமர்கிறது. இரண்டும் தொடும் வளையத்தின் அகலம் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். அது மிகக் குறுகினால், வெளிப்போக்கு வால்வின் வெப்பம் இருக்கையின் வழியே தலைக்கு இறங்க முடியாமல் வால்வு கருகும். மிக அகன்றால், அழுந்தும் விசை பரவித் தளரும். கரி வந்து ஒட்டிக்கொள்ளும். இருக்கையை நிலைமொழி என்றும் வால்வை வருமொழி என்றும் கொண்டால், பொருத்தம் முழுவதும் அவை சந்திக்கும் அந்தச் சிறிய இடத்தில்தான் இருக்கிறது. இது தமிழாசிரியர்களுக்குப் புதிய செய்தி அன்று.

தந்தையார் எட்டு வால்வுகளையும் கழற்றி, எது எந்த இருக்கைக்கு உரியது என்று எண் குறித்து வைத்தார். ஒன்றன் இடத்தில் மற்றொன்றை மாற்றி வைப்பதற்கில்லை. ஒவ்வொன்றும் தன் இருக்கையோடு தேய்ந்து பழகியது. பின்னர் வால்வுத் தண்டு ஏறி இறங்கும் ‘கைடு’ தளர்ந்துள்ளதா என்று ஆட்டிப் பார்த்தார். வெட்டுகருவி அந்தத் துளையையே மையமாகக் கொண்டு சுழல்வதால், துளை தேய்ந்திருந்தால் இருக்கையும் கோணலாகும் என்றார். பிறகு 45 பாகைச் சாய்வில் இருக்கைகளை மெல்ல வெட்டினார். இறுதியாக, நுனியில் ரப்பர்க் கிண்ணம் பொருத்திய மரக்கோலால் வால்வைப் பிடித்து, அரைபசை தடவி, இரு உள்ளங்கைகளுக்கிடையே கோலை முன்னும் பின்னும் உருட்டி அரைத்துக் காட்டினார். சிறிது அரைத்ததும் தூக்கி, கால்வட்டம் திருப்பி, மீண்டும் அரைக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் அறுபடாத மெல்லிய வளையம் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

நான்கினை அவர் முடித்துவிட்டு, மற்ற நான்கினை என்னிடம் விட்டுத் தேநீர் அருந்தச் சென்றார். மூன்றாவது இருக்கையில் ஊசிமுனை அளவு குழி ஒன்று என் கண்ணுக்குப் பட்டது. அது வளையத்தின் ஓரத்தில்தான் இருந்தது. கசிவுக்கு இடம் தராதது. ஆனாலும் அதைப் போக்கிவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். கரட்டுப் பசையை மீண்டும் மீண்டும் தடவினேன். தந்தையார் திரும்பி வந்தபோது குழி இல்லை. இருக்கை கண்ணாடிபோல் பளபளத்தது. பெருமையுடன் காட்டினேன்.

அவர் அளந்து பார்த்தார். வளையம் மூன்று மில்லிமீட்டருக்கும் மேல் அகன்றிருந்தது. வால்வின் முகத்தில் பள்ளம் விழுந்திருந்தது.

“தம்பி, பளபளன்னு இருக்கிறதுக்கா அரைச்சோம்? கசியாம இருக்கிறதுக்குத்தானே?” என்றார். சிறிது நேரம் கழித்து, “அரைச்சா இரும்பு குறையும். ஒருநாளும் கூடாது” என்றார். அவ்வளவே அவர் என்னைக் கடிந்துகொண்டது.

மறுநாள் அந்த இருக்கையை மறுபடியும் வெட்டி, மேலும் கீழும் வேறு சாய்வுகளில் செதுக்கி, வளையத்தைக் குறுக்கினார். தம் கைப்பணத்தில் ஒரு புது வால்வு வாங்கிப் பொருத்தினார். தலையைச் சாய்த்து வால்வுகளின் பின்புறம் மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒரு சொட்டும் கசியவில்லை. எனினும் வால்வு இருக்க வேண்டியதைவிடச் சற்று உள்ளிறங்கியிருந்தது. படகுக்காரர் வந்தபோது தந்தையார் ஒன்றையும் மறைக்கவில்லை. “என் மகன் அதிகமாக அரைத்துவிட்டான். இப்போது ஓடும். அடுத்த முறை வெட்ட இடம் இல்லை, புது வளையம் இறக்க வேண்டும்” என்று மலாயில் கூறினார். அந்த மனிதர் என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் வருவாய் அவருக்கு என்னால் போயிற்று.

பின்னர் நான் ஆசிரியனானேன். பணியின் தொடக்க ஆண்டுகளில் உயர்நிலை இரண்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பத்தவன். தேக்கா சந்தையில் தன் பாட்டி மீன் விலை பேசுவதைப் பற்றி அவன் எழுதிய முதற்கட்டுரையில் வரிக்கு இரண்டு பிழைகள். ஆனால் அந்தப் பாட்டியின் குரல் தாளிலிருந்து கேட்டது. நான் சிவப்பு மையை எடுத்தேன். ஒற்றுப்பிழை, பேச்சு வழக்கு, ஒருமை பன்மை மயக்கம் என ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் அவ்வாறே செய்தேன். ஆறு திங்களில் அவன் கட்டுரையில் பிழை இல்லாமற்போயிற்று. பாட்டியும் இல்லாமற்போனாள். மாதிரிக் கட்டுரைகளின் சொற்றொடர்கள் வரிசையாக நின்றன. “ஐயா, இப்பச் சரியா இருக்கா?” என்று கேட்டான். சரியாக இருக்கிறது என்றேன். பளபளத்த இருக்கை அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அவனைச் சிராங்கூன் சாலையில் சந்தித்தேன். மிகுந்த மரியாதையுடன், ஆங்கிலத்தில், என் நலம் விசாரித்தான். நான் தமிழில் விடையளித்தேன். அவனும் தமிழுக்கு வர முயன்றான். ஒரு சொல்லைத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்தப் பார்வையைத்தான் நான் இன்னும் சுமக்கிறேன். பிழை செய்துவிடுவோமோ என்னும் அச்சத்தை அவனுக்குள் அரைத்து இறக்கியவன் நானே.

பிழை திருத்த வேண்டாம் என்று நான் கூறவில்லை. கசியும் வால்வை அப்படியே விட்டால் படகு நடுநீரில் நின்றுவிடும். இன்று இளம் ஆசிரியர்கள் கட்டுரை ஏடுகளைக் கொண்டுவந்து காட்டும்போது நான் வேண்டுவது சிறிதே: பொருள் எங்கே கசிகிறது என்று முதலில் பாருங்கள், அந்த இடத்தை மட்டும் இவ்வாரம் திருத்துங்கள், ஓரத்துக் குழி ஓரத்திலேயே இருக்கட்டும்.

அந்த டிசம்பரில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், சாங்கியில் எந்திரம் முதல் முயற்சியிலேயே கிளம்பியது. வெண்புகை இல்லை. தந்தையார் தலைமீது கையை வைத்துச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்து, “போதும்” என்றார். ஏடு திருத்தும்போது அந்தச் சொல்லை உரிய நேரத்தில் சொல்ல நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.